ஆண் கிளி பெண்களிடம்தான் ஒட்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன் என் கணவர் ஒரு சன் கோனூர் கிளிக் குஞ்சு வாங்கி வந்தார். பெயர் அப்பு. சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி வளர்த்ததெல்லாம் அவர்தான். அப்போதெல்லாம் அவர் தோளை விட்டு இறங்காது. இப்போது ஆறேழு மாதமாக நேர்மாறாகிவிட்டது. என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது, என் விரலில் தீனியைக் கக்குகிறது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் பகலெல்லாம் கூடவே இருக்கும். ராத்திரி டிவி பார்க்கும்போது மடியில் படுத்துக்கொள்ளும், முதுகைத் தடவிக்கொண்டே இருப்பேன். தூங்க ஒரு காலணிப் பெட்டி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து ஏழரைக்கு அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் பாய்ந்து கடிக்கிறது. போன வாரம் உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. துண்டில் சுற்றிப் பிடித்து நகம் வெட்டுவதும் அவர்தான், அந்தக் கோபமா? பறவைக் கடைக்காரரோ, "இது ஆண் கிளி அக்கா, ஆண் கிளி பெண்களிடம்தான் ஒட்டும். அண்ணனுக்கு ஒரு பெண் கிளி வாங்கிக் கொடுங்க" என்கிறார். உண்மையா? இன்னொன்று வாங்கலாமா? இவருக்கு மனசே விட்டுப்போய், யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார்.
- செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

இன்னொரு கிளி வாங்காதீர்கள். அப்புவை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கடைக்காரர் சொன்னதுபோல் ஆண் கிளி பெண்ணைத் தேடும், பெண் கிளி ஆணைத் தேடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. பறவை வளர்ப்பவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி விதிபோல் ஆகிவிட்ட நம்பிக்கை அது.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். அப்பு ஆண் என்பது எப்படித் தெரியும்? ரிங்நெக் கிளி என்றால் இரண்டு மூன்று வயதில் ஆணுக்குக் கழுத்தில் வளையம் விழும், பார்த்தே சொல்லிவிடலாம். எக்லெக்டஸ் இனத்தில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. இரண்டும் வேறுவேறு இனம் என்றே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். சன் கோனூர் அப்படியில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சள், ஒரே ஆரஞ்சு. தலை பெரிதாக இருக்கிறது, குரல் கனமாக இருக்கிறது என்று கடையில் சொல்வதெல்லாம் ஊகம். உறுதியாகத் தெரிய டி.என்.ஏ. சோதனைதான் வழி. நெஞ்சிலிருந்து பிடுங்கிய இரண்டு மூன்று சின்ன இறகுகளோ ஒரு சொட்டு ரத்தமோ போதும். பறவை பார்க்கும் கிளினிக்கில் எடுத்து அனுப்புவார்கள்.

"ராஜா முட்டை போட்டுட்டான் டாக்டர்" என்று பதறிப்போய் போன் செய்யும் வீடுகள் நிறைய உண்டு. அப்படி முட்டை வந்ததும் விதி என்ன ஆகிறது தெரியுமா? "பெண்தானே, அதனால்தான் அம்மாவோடு சிநேகம்" என்று மாறிவிடுகிறது. ஆணாக இருந்தாலும் பொருந்துகிறது, பெண்ணாக இருந்தாலும் பொருந்துகிறது என்றால் அதை வைத்து நாம் எந்த முடிவும் எடுக்க முடியாது.

நம் ஆட்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. கிளி என்றாலே பெண்ணின் தோழி என்று பார்த்துப் பழகிய கண் நம்முடையது. அந்த அழகை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிளி ஜோசியக்காரர்கள் அநேகமாக எல்லாருமே ஆண்கள்தான். கூண்டுக் கதவைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கையிலிருந்து ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போகிறது. அந்தச் சின்னக் கூண்டும் அந்தப் பிழைப்பும் பறவைக்கு நல்லதல்ல. அது வேறு பேச்சு. இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஒரு நெல்லை. உங்கள் கணவருக்கான வழியும் அதில்தான் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, கிளிக்கு மனிதர்களில் வித்தியாசம் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். முகம், குரல், நடை, மூக்குக்கண்ணாடி, தாடி, தலையில் இருக்கும் ஹெல்மெட் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். கிளியின் காது கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. ஆணின் பேச்சுக் குரலுக்கு அடிப்படைச் சுருதி சராசரியாக 120 ஹெர்ட்ஸ் பக்கம், பெண்ணுக்கு 200 பக்கம். கொஞ்சும்போது குரலைத் தூக்கி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறவரை அது சட்டென்று திரும்பிப் பார்க்கும். அந்தக் கொஞ்சலை நம் வீடுகளில் பெண்கள் கூச்சமில்லாமல் செய்கிறார்கள், ஆண்கள் "டேய் வாடா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதேபோல், ஒரு தடவை கட்டைக் குரல்காரர் ஒருவரிடம் பயந்துபோன பறவை, அப்புறம் கட்டைக் குரல்காரர்கள் யாரைப் பார்த்தாலும் ஒதுங்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் ஆண், பெண் விஷயமாகத்தான் தெரியும். கிளி கணக்கு வைப்பது யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான்.

இனி அப்புவின் வயதுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான். சன் கோனூர் குஞ்சாக வரும்போது உடம்பில் பச்சை நிறைய இருக்கும். மெல்ல மெல்ல மஞ்சள் ஏறி, ஒன்றரை இரண்டு வயதில் முழு நிறம் வந்துவிடும். ஏறக்குறைய அந்தச் சமயத்திலிருந்து அது பருவத்துக்கும் வருகிறது. உங்கள் வீட்டில் நிலைமை தலைகீழானது அதற்குப் பின்னால்தான். சிரிஞ்சில் கஞ்சி ஊட்டியவர் அப்புவுக்குத் தாய் தகப்பன் ஸ்தானம். இறகு முளைத்துப் பெரிதான குஞ்சு, தன்னை வளர்த்தவர்களை விட்டு விலகிக் கூட்டத்தில் வேறொரு பறவையை ஜோடியாகத் தேடும். உங்கள் வீட்டுக் கூட்டத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வளர்த்தவர். இன்னொருவர் பகலெல்லாம் பக்கத்தில் இருப்பவர், மடியில் இடம் தருபவர், முதுகைத் தடவுபவர். அப்பு உங்களை எடுத்துக்கொண்டது.

தயவுசெய்து இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அவரை அப்பு வெறுக்கவில்லை. கை ஊட்டலில் வளரும் குஞ்சுக்குக் கஞ்சியின் சூடு கொஞ்சம் கூடினாலும் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை வெந்துபோகும், குறைந்தால் செரிக்காது, வேகமாகச் செலுத்தினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதையெல்லாம் தாண்டி ஒரு குஞ்சை ஆளாக்கியிருக்கிறார் என்றால் அவர் கை நல்ல கை. அவர் ஏதோ தவறு செய்ததால் அன்பு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நகம் வெட்டுவது ஒரு சின்னக் காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் பருவம்.

ஆணோ பெண்ணோ, கையில் வளர்ந்த கிளி மனிதரையே ஜோடியாக எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் காகாப்போ என்றொரு பறக்கத் தெரியாத பெரிய கிளி இனம். அதில் 1997-இல் பொரித்த சிரோக்கோ என்ற ஆண் பறவைக்குக் குஞ்சிலேயே மூச்சு நோய் வந்ததால் மனிதர்கள் எடுத்து வளர்த்தார்கள். பெரிதானதும் அது தன் இனப் பெண் பறவைகளைக் கண்டுகொள்ளவில்லை, மனிதர்களின் தலைமேல் ஏறி இணைசேரப் பார்த்தது. 2009-இல் பிபிசி படப்பிடிப்பில் அது ஏறியது மார்க் கார்வர்டைன் என்ற விலங்கியலாளரின் தலையில். பறவையும் ஆண், அவரும் ஆண்.

இப்போது உங்கள் கைக்கு வருகிறேன். கொஞ்சம் வருத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பு உங்கள் விரலில் கக்குவது வாந்தி அல்ல. நோயால் வரும் வாந்தி என்றால் தலையை உதறிக் கண்ட பக்கமும் தெறிக்கும், தலை இறகெல்லாம் பிசுபிசுக்கும். இது தலையை மேலும் கீழும் ஆட்டி, குறிபார்த்து, உங்கள் விரலில் மட்டும் வைப்பது. ஜோடிக்குத் தீனி ஊட்டும் முறை. முதுகிலும் வாலடியிலும் இறக்கைக்கு அடியிலும் தடவுவது கிளி மொழியில் இணைசேர அழைப்பு. காலணிப் பெட்டியோ காட்டில் மரப்பொந்துக்குச் சமம். ஆக ஒரு நாளில் நீங்கள் அப்புவுக்கு ஜோடி, இணைசேர அழைப்பு, பொந்து மூன்றையும் கொடுக்கிறீர்கள். வெளிச்சம் நான்காவது. கோலாலம்பூரில் வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், ஏழு ஏழரைக்கு இருட்டிவிடும். டிவி ஓடும் ஹாலில் பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கும் பறவைக்கோ பகல் 17 மணி நேரம். நீண்ட பகல், தட்டு நிறையத் தீனி, பொந்து, ஜோடி எல்லாம் கூடினால் அதன் உடம்பு குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஹார்மோனைச் சுரந்தபடியே இருக்கும். அந்த நிலையில் ஜோடிக்குப் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் விரட்டத்தான் செய்யும். உங்கள் கணவர் இடத்தில் உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாலும் கடி விழுந்திருக்கும்.

அப்பு ஒருவேளை பெண்ணாக இருந்தால் இதில் ஆபத்தும் இருக்கிறது. சேவல் இல்லாமலே கோழி முட்டை இடுவதுபோல் கிளியும் இடும். அடுத்தடுத்து இட்டால் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, ஒரு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். நூறு கிராம் சொச்சம் எடையுள்ள பறவைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அதனால் இன்று ராத்திரியே காலணிப் பெட்டியை எடுத்துவிடுங்கள். சோபா மெத்தைக்கு அடியில், அலமாரி இடுக்கில், உங்கள் சட்டைக்குள் என்று எங்கேயும் புக விடாதீர்கள். தடவுவதைத் தலைக்கும் கழுத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து காட்டினால் புது இறகின் உறையை விரல் நுனியால் மெல்ல உதிர்த்துவிடலாம், அது கூட்டத்தில் சகஜமாக நடப்பதுதான். கக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். பேசாமல் தண்டில் இறக்கிவிட்டு எழுந்து போங்கள். உங்கள் தட்டிலிருந்து சூடான சோற்றையோ கஞ்சியையோ ஊட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், வாயிலிருந்து எதையும் கொடுக்கவே கூடாது. எட்டு மணிக்குக் கூண்டை டிவி இல்லாத அறைக்குக் கொண்டுபோய் மூடிவிடுங்கள். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். முதல் வாரம் கத்தும். சன் கோனூர் கத்தினால் பக்கத்து வீடு என்ன, கீழ்த்தளம் வரை கேட்கும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இவ்வளவு பாசத்தை வெட்டிவிடச் சொல்கிறாரே என்று தோன்றும். பாசத்தை வெட்டச் சொல்லவில்லை. இணைசேர முடியாத ஜோடிக்காக நாள் முழுக்கத் தவிக்கும் கிளி தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிப்பதும் உண்டு. பேசுங்கள், குளிக்க வையுங்கள், பொம்மைக்குள் தீனியை ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். ஒரு தோழிக்கு என்ன உண்டோ அதெல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி உங்கள் கணவருக்கு. அப்புவுக்கு மிகவும் பிடித்த தீனி எது? பெரும்பாலும் சூரியகாந்தி விதையாகத்தான் இருக்கும். அதைக் கூண்டுத் தட்டிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். தட்டில் பெல்லட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி), சாவி எனும் கடுகுக் கீரை, கங்கோங் கீரை, பப்பாளி, மிளகாய் இருக்கட்டும் (மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது). சூரியகாந்தி விதை இனிமேல் அவர் கையிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். நீங்கள் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது.

முதல் சில நாட்கள் அவர் அப்புவைத் தொடவே வேண்டாம். ஹெல்மெட் போட்டு வருபவர் என்றால் அதை வாசலிலேயே கழற்றிவிட்டு, முகம் கழுவி வந்து, கூண்டைக் கடக்கும்போது பெயரைச் சொல்லி ஒரு விதையைத் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். நின்று பார்க்கக் கூடாது. அவர் வரும் சத்தம் கேட்டதும் அப்பு தட்டுப் பக்கம் நகர ஆரம்பிக்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அப்போது நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, இருந்தாலும் கண்ணில் படக் கூடாது; மாமாக் உணவுக் கடைக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அவர் வேறொரு அறையில் ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு சாப்ஸ்டிக்கின் நுனியைக் காட்ட வேண்டும். அலகால் தொட்டதும் "குட்" என்று சொல்லி ஒரு விதை. தொடாவிட்டால் திணிக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சாப்ஸ்டிக்கைத் தேடி ஓடி வரும் பறவை, சில வாரங்களில் அதே சாப்ஸ்டிக்கைத் தொடுவதற்காக அவர் விரல்மேல் ஏறும்.

கடிக்கும் முன் அப்பு சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. கண்மணி சட்டென்று சுருங்கி விரியும், பிடரி இறகு நிமிரும், வால் விசிறிபோல் விரியும், உடம்பு முன்னால் சாய்ந்து அப்படியே உறைந்து நிற்கும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் கடி விழாது. "பயந்துட்டேன்னு நினைச்சுக்கும், விடக் கூடாது" என்று சிலர் கையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த யோசனையை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. எச்சரிக்கையை மதிக்காத வீட்டில் கிளி எச்சரிப்பதை நிறுத்திவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். கடி விழுந்தே விட்டால் கத்தவோ அடிக்கவோ அலகைத் தட்டவோ கூடாது. பக்கத்துத் தண்டில் இறக்கிவிட்டு விலகிவிட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஓடிவந்து அப்புவை எடுத்துக்கொண்டால், அவரைக் கடித்தால் நீங்கள் வருவீர்கள் என்று அது பாடம் படித்துவிடும். கொஞ்ச காலத்துக்குத் தோள்மேல் ஏற்றவே வேண்டாம். உதட்டில் பட்டது கண்ணில் படலாம்.

நகம் வெட்டும் வேலையைக் கிளினிக்கில் விட்டுவிடுங்கள். துண்டில் சுற்றிப் பிடிக்கும் கெட்ட பெயர் எங்களுக்கு வரட்டும், பரவாயில்லை. போகும்போது முழுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வலியோ நோயோ இருந்தாலும் பறவை திடீரென்று கடிக்கத் தொடங்கும். வீட்டில் சமையல் தராசு இருந்தால் வாரம் ஒரு தடவை எடை பாருங்கள்; இந்த இனம் சுமார் 100 முதல் 120 கிராம் இருக்கும். நோயை மறைப்பது பறவையின் இயல்பு, இறகுக்குள் இளைப்பதும் கண்ணுக்குத் தெரியாது. தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு கிளி விஷயம். உங்கள் கணவருக்கென்று வாங்கி வரும் பறவை அப்புவோடு ஜோடி சேர்ந்து உங்கள் இருவரையுமே தள்ளிவைக்கலாம்; இரண்டும் சண்டை போட்டு ஒன்றின் கால்விரல் துண்டாகலாம்; அதுவும் உங்களிடமே வந்து ஒட்டலாம். அவரிடம் ஒட்டும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்புவைக் கொடுத்துவிடுவதோ இன்னும் மோசம். சன் கோனூர் நல்ல பராமரிப்பில் 20 வருஷத்துக்கு மேல் வாழும். கடிக்கிற கிளி என்ற பெயரோடு வீடு மாறும் பறவை பெரும்பாலும் இரண்டாவது வீட்டிலும் நிலைப்பதில்லை, மூன்றாவது வீட்டுக்குப் போகும். உங்கள் வீட்டில் அதற்குக் கஞ்சி ஊட்டிய மனிதர் இருக்கிறார். கொஞ்சம் வருத்தத்தோடு இருந்தாலும் இன்னும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறார்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். பெட்டியும் வெளிச்சமும் சரியானால் சில வாரங்களில் சூடு தணியும். அவர் கையில் ஏறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். உங்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது மாறாமலே போகலாம், அதில் தவறில்லை. அவர் சோபாவில் உங்கள் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தால் போதும்.

டி.என்.ஏ. முடிவு வந்ததும் எழுதுங்கள். பெண் என்று வந்தால் கால்சியம் பற்றியும் தீனி பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கிடையில் அப்பு இறகைப் புடைத்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, முக்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அப்போதே பறவை பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.